53-க்கும் 18-க்கும் நடுவில்: இரும்புப் பொடி பற்றி ஒரு திருத்தம்

சில வருடங்களுக்கு முன் இதே வலைப்பதிவில் நுண்ணூட்டப் பொடியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். கைக்குழந்தைகளின் சோற்றில் தூவிக் கொடுக்கிற அந்தப் பொட்டலம் ரத்தசோகையைக் குறைக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசி வரியில் கொஞ்சம் உற்சாகமாகி, "குழந்தையின் மூளையைக் காப்பாற்றும் பொடி" என்றும் எழுதிவிட்டேன். ஒரு வாசகர் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "மூளையைக் காப்பாற்றும் என்பதற்கு என்ன ஆதாரம்?" கோபமாகக்கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. எங்கோ படித்தது, எல்லோரும் சொல்வது, அவ்வளவுதான். அதன்பிறகு தேடிப் படித்ததன் விளைவு இந்தப் பதிவு.

முதலில் பொடியின் பக்கம் பேசிவிடுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, அழகான யோசனை அது. 1990-களில் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டான்லி ஸ்லாட்கின் உருவாக்கியது. அதற்கு முன் இரும்புச்சத்து என்றால் சொட்டு மருந்து. துருப்பிடித்த ஆணியை நக்கினது மாதிரி ருசி. பல்லில் கறை. அம்மா துளி எண்ணிக் கொடுக்க வேண்டும், குழந்தை துப்பும், நாலாம் நாள் புட்டி அலமாரிக்குப் போய்விடும். ஸ்லாட்கின் குழு ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு உப்பின் துகள்களுக்குச் சோயா கொழுப்பால் ஒரு மெல்லிய உறை போட்டது. ருசி வெளியே தெரியாது, சோற்றின் நிறமும் மாறாது. கூடவே துத்தநாகம், வைட்டமின் ஏ, வைட்டமின் சி, ஃபோலிக் அமிலம். ஒரு கிராம் பொட்டலம், ஒரு நாளைக்கு ஒன்று. வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதிலேயே போட்டுக்கொள்ளலாம். அளவுக் கரண்டி வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம்.

இரண்டே கட்டுப்பாடுகள். கொதிக்கிற சோற்றில் போடக்கூடாது, உறை உருகிவிடும். பால், தண்ணீரில் கலக்கக்கூடாது, கொழுப்பு உறை மேலே மிதந்து டம்ளர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிசைந்த சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு போட வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு, முருங்கைக்கீரை கொடுத்தா போதாதா?" என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. போதாது. பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கி வந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதம் சுமாருக்குத் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அமெரிக்கப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மி.கி. இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 மி.கி. போதும். திரும்ப ஒருமுறை படியுங்கள்: தவழ்கிற குழந்தைக்கு அதன் அப்பாவைவிட அதிக இரும்பு தேவை. 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இருப்பது 5 மி.கி.க்கும் குறைவு, அதிலும் உடம்பில் சேர்வது ஒரு சின்னப் பங்குதான். எட்டு மாதக் குழந்தை எத்தனை கிண்ணம் கீரை தின்னும்? கீரை கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு இந்த வயதில் மட்டும் கீரையால் நேராகாது. ஈரல், இறைச்சி, முட்டை அடிக்கடி வாங்க முடிகிற வீடு என்றால் பேச்சு வேறு.

ஆக, தேவை உண்மை. பொடி அந்தத் தேவைக்கு ஒரு கெட்டிக்கார விடை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த காக்ரேன் தொகுப்பாய்வு எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பொடி ரத்தசோகையை 31 சதவீதமும் இரும்புக் குறைபாட்டை 51 சதவீதமும் குறைக்கிறது என்றது. நான் பழைய குறிப்பில் எடுத்தாண்டது இந்த எண்களைத்தான்.

அதே தொகுப்பாய்வு 2020-இல் புதுப்பிக்கப்பட்டது. இந்த முறை 29 ஆய்வுகள், 33 ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகள். இரும்புக் குறைபாடு 53 சதவீதம் குறைகிறது, கிட்டத்தட்ட பழைய எண்தான். ரத்தசோகை? 31 இருந்த இடத்தில் இப்போது 18.

நான் நின்றுபோனது இந்த இடத்தில். இரும்பு இல்லாததால்தான் குழந்தைகளுக்கு ரத்தசோகை என்றால், இரும்புக் குறைபாட்டைப் பாதிக்கு மேல் துடைத்தெடுக்கிற பொடி ரத்தசோகையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட ஏன் அசைக்கவில்லை? இரண்டு எண்களும் வேறு வேறு எண்ணிக்கையிலான ஆய்வுகளிலிருந்து வருபவை, நேராகக் கழித்துப் பார்க்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் 53-க்கும் 18-க்கும் நடுவில் இருக்கிற பள்ளம் அந்தச் சமாதானத்தால் நிரம்புகிற அளவு சின்னதில்லை.

இந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்க்க வங்கதேசத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பொடியை ஊரூராகக் கொண்டுபோன நாடு அது. 'புஷ்டிகணா' என்ற பெயரில் பிராக் அமைப்பின் 'ஷாஸ்த்ய ஷேபிகா' பெண்கள் வீடு வீடாகப் போய் விற்றார்கள். பொடியை ஆராய்ந்த நாடும் அதுதான்.

அங்கே 2011-12-இல் ஒரு தேசிய நுண்ணூட்டக் கணக்கெடுப்பு நடந்தது. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளில் 33 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சரி, ஏழை நாடு, எதிர்பார்த்ததுதான். ஆனால் இரும்புக் குறைபாடு எத்தனை பேருக்கு? 10.7 சதவீதம். அதாவது ரத்தசோகை உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இரும்பு போதிய அளவு இருக்கிறது. ரத்தம்தான் குறைவு.

இரும்பு எங்கிருந்து வந்தது? சாப்பாட்டிலிருந்து இல்லை. தண்ணீரிலிருந்து. வங்கதேசக் கிராமங்கள் குடிப்பது அடிகுழாய்த் தண்ணீர். அந்த நிலத்தடி நீரில் பல பகுதிகளில் இரும்பு ஏராளம். குழாயடி சிமெண்டுத் தளம் செம்பழுப்பாகக் கறைபிடித்துக் கிடக்கும். ஆர்செனிக் என்ற விஷத்துக்காக உலகம் முழுக்கப் பேசப்பட்ட அதே தண்ணீர், சத்தமில்லாமல் இரும்பையும் ஊட்டிக்கொண்டிருந்தது. நாட்டின் வடமேற்கில் கிராமப் பெண்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை, இரும்புக் குறைபாடு அநேகமாக யாருக்குமே இல்லை. பதிலாகக் கண்டது, கால்வாசிக்கும் மேற்பட்டவர்களிடம் தாலசீமியா வகையிலான, ஹீமோகுளோபினின் அமைப்பையே மாற்றுகிற பரம்பரைக் கூறுகள். வங்காளப் பகுதியில் ஹீமோகுளோபின்-ஈ என்ற வகை பரவலாக உண்டு. அப்படிப் பிறந்தவருக்கு வண்டி வண்டியாக இரும்பு கொடுத்தாலும் அந்த எண் ஏறாது.

இதற்குப் பிறகு அங்குள்ள ஆய்வாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நிலத்தடி நீரில் இரும்பு அதிகமுள்ள பகுதியில், வழக்கமான 12.5 மி.கி. இரும்புப் பொடியையும் வெறும் 5 மி.கி. இரும்புள்ள பொடியையும் ஒப்பிட்டார்கள். ஹீமோகுளோபின் விஷயத்தில் குறைந்த இரும்புப் பொடி சளைத்ததாக இல்லை. பக்க விளைவு அதில் குறைவு. ஓர் ஊருக்குப் பொருந்துகிற அளவை அந்த ஊரின் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்! என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நான் படித்த வேலைகளில் மதிப்பானது இது. ஆனால் பெரிதாகப் பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

"இருக்கட்டுமே, இரும்பு கொஞ்சம் கூடுதலாகப் போனால் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கெட்டுப்போகிறது.

அடிக்கடி காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று இருக்கிற குழந்தையின் உடம்பில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடும். கிருமிக்கும் இரும்பு தேவை என்பதால், உடம்பு தன் இரும்புக் கதவை இறுக்கிச் சாத்திக்கொள்கிற ஏற்பாடு அது. குடல் இரும்பை உள்ளே விடாது. அப்போது நாம் தூவின 12.5 மி.கி.யில் பெரும்பகுதி எங்கே போகும்? நேராகப் பெருங்குடலுக்கு. அங்கே இரும்புக்கு ஏங்கிக் காத்திருப்பவை பெரும்பாலும் கெட்ட பாக்டீரியாக்கள். நல்லவற்றில் முக்கியமான லாக்டோபாசில்லஸ் வகைகளுக்கு இரும்பு அவ்வளவாக வேண்டாம். கென்யாவில் ஆறு மாதக் குழந்தைகளிடம் செய்து 2015-இல் வெளியான ஆய்வு இதைத்தான் பார்த்தது. இரும்புப் பொடி தின்ற குழந்தைகளின் மலத்தில் நோய் உண்டாக்கும் ஈ. கோலை வகைகள் கூடின, குடல் அழற்சியின் அடையாளமான கால்ப்ரொடெக்டினும் கூடியது.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சுமார் 2,700 குழந்தைகளை வைத்து நடந்து 2013-இல் லான்செட்டில் வந்த ஆய்வில், பொடி சாப்பிட்ட குழுக்களில் வயிற்றுப்போக்கு நாட்கள் கூடின. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் கூடியது. அதே ஆண்டு கானாவிலிருந்து இன்னொரு ஆய்வு, அதை நடத்தியவர்களில் ஸ்லாட்கினும் ஒருவர். தன் கண்டுபிடிப்பைத் தானே சோதித்தார் என்பதற்கு ஒரு சலாம். எல்லா வீடுகளுக்கும் கொசுவலை கொடுத்துவிட்டுச் செய்ததில் மலேரியா கூடவில்லை. ஆனால் இரும்பு பெற்ற குழுவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் கூடுதல்.

இதற்கெல்லாம் முந்தின ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜான்சிபாரின் பெம்பா தீவில் நடந்த ஆய்வு, 2006-இல் வெளியானது. பொடி இல்லை, மாத்திரை. அதே 12.5 மி.கி. இரும்பு, கூட ஃபோலிக் அமிலம். மலேரியா நிறைந்த தீவு. இரும்பு பெற்ற குழந்தைகளில் மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் சேர்த்து 12 சதவீதம் அதிகமானதால் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். இதைப் படித்தவர்கள் பலர் இரும்பே ஆபத்து என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அதற்குள் ஒரு கிளை ஆய்வு இருக்கிறது. அதில் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து, இரும்புக் குறைபாடும் ரத்தசோகையும் இருப்பதாகத் தெரிந்த குழந்தைகளுக்கு இரும்பு நன்மையே செய்திருந்தது. தேவை உள்ளவனுக்கு மருந்து, தேவை இல்லாதவனுக்குத் தொந்தரவு. பொட்டலம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சரி, மூளைக்கு வருகிறேன். வாசகர் கேட்டது அதைத்தானே.

இரும்புக்கும் மூளைக்கும் முடிச்சுப்போட்டதில் பெரிய பங்கு பெட்ஸி லோசாஃப் என்ற அமெரிக்க மருத்துவருடையது. கோஸ்டாரிகாவில் கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைபாடு இருந்தவர்களை 19 வயது வரை தொடர்ந்து பார்த்தார். அவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள், குழந்தையிலேயே இரும்பு கொடுத்துக் குறையைச் சரிசெய்திருந்தும்கூட. மனதைப் பிசைகிற ஆய்வு. ஆனால் கவனியுங்கள்: இது பார்த்துக் குறித்துக்கொண்ட ஆய்வு, கொடுத்துப் பார்த்த ஆய்வு இல்லை. இரும்பு குறைந்த குழந்தை பெரும்பாலும் வறுமையிலும் வளர்ந்த குழந்தை. எதன் வடு எது என்று பிரிப்பது லேசில்லை. இன்னொன்று, இரும்பு கொடுத்தும் வித்தியாசம் மறையவில்லை என்பதை "அதனால் எல்லோருக்கும் இரும்பு கொடுங்கள்" என்று எப்படிப் படித்தோம்? நான் உட்பட, அப்படித்தான் படித்தோம்.

கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2021-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மீண்டும் வங்கதேசம், டாக்காவுக்குப் பக்கத்தில் நாராயண்கஞ்ச் மாவட்டத்தின் ரூப்கஞ்ச். 3,300 குழந்தைகள், எல்லோரும் எட்டு மாத வயது. ஒரு பங்குக்கு இரும்பு சிரப், ஒரு பங்குக்கு நுண்ணூட்டப் பொடி, ஒரு பங்குக்கு இரண்டுமே டம்மி. மூன்று மாதம், தினமும். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது பெற்றோருக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. பிறகு பேய்லி அளவுகோலில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அளந்தார்கள்.

ஹீமோகுளோபின் ஏறியது. இரும்புச் சேமிப்பு ஏறியது. ரத்தசோகை இறங்கியது. பொடி தன் வேலையைச் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. அறிவு வளர்ச்சி மதிப்பெண்ணில் டம்மி குழுவோடு ஒப்பிட்டால் சிரப் குழுவின் வித்தியாசம் மைனஸ் 0.30, பொடிக் குழுவின் வித்தியாசம் 0.23. நூறைச் சராசரியாக வைத்த அளவுகோலில் இது ஒன்றுமே இல்லை. ஒன்பது மாதம் கழித்துத் திரும்ப அளந்தார்கள். அப்போதும் இல்லை.

இந்த ஆய்வைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. மூன்று மாதம் கொஞ்சம். எட்டு மாதத்தில் தொடங்குவது தாமதமாக இருக்கலாம். மூளைக்கு இரும்பு பஞ்சமாவது கருவிலேயே தொடங்கியிருக்கலாம். கடுமையான குறைபாடு உள்ளவர்களை மட்டும் எடுத்துச் செய்ததும் இல்லை. பதினோரு மாதக் குழந்தையின் பேய்லி மதிப்பெண்ணை வைத்து அதன் எதிர்காலத்தைச் சொல்வதும் பாதி ஜோசியம்தான். ஆக, இரும்புக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் "எட்டு மாதத்திலிருந்து பொடி தூவினால் மூளை காப்பாற்றப்படும்" என்று சொல்பவர்தான் இனி ஆதாரம் காட்ட வேண்டும்.

நடுவில் ஒரு கிளைக்கதை, ஆனால் தேவையான கதை. இத்தனை எண்களும் "ரத்தசோகை" என்ற ஒரு கோட்டை நம்பி நிற்கின்றன. அந்தக் கோடு பல வருடங்களாக 11 கிராம். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அதை 10.5 ஆக இறக்கியது. 10.7 உள்ள ஒரு குழந்தை ஒன்றுமே சாப்பிடாமல் ஒரே நாளில் குணமாகிவிட்டது! அளக்கிற விதமும் அப்படித்தான். இந்தியாவில் 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. விரல் நுனியில் குத்திப் பார்க்கிற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-இல் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 67 சதவீதம் என்றது. வயதுப் பிரிவு கொஞ்சம் வேறு, வருடம் வேறு. ஆனாலும் இந்த இடைவெளியில் ஒரு பகுதி விரல் நுனியில் இருக்கிறது. (இந்தியா பொடிக்குப் பதில் வாரம் இருமுறை இரும்பு சிரப் என்ற வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கேள்விகள் அதற்கும் இவையேதான்.)

பொடியை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. இரும்புக் குறைபாடு நிஜமாகவே பரவியிருக்கிற ஊரில், மலேரியாவுக்கும் சுத்தமான தண்ணீருக்கும் ஏற்பாடு செய்துவிட்டுக் கொடுத்தால் அது நல்ல கருவி. என் புகார் வேறு. ஹீமோகுளோபினை மட்டும் அளந்து, அது குறைந்த இடமெல்லாம் இரும்புப் பஞ்சம் என்று எழுதிக்கொண்டு, 12.5 மி.கி.யை அனுப்பிவைக்கிற பழக்கத்தின் மேல் என் புகார். ஒரு மாவட்டத்தில் சில நூறு குழந்தைகளுக்கு ஃபெரிட்டினையும், கூடவே அழற்சிக்கான சிஆர்பி சோதனையையும் செய்தாலே எது எந்த ரத்தசோகை என்று ஓரளவு தெரிந்துவிடும். செலவுதான். ஆனால் பல லட்சம் பொட்டலம் வாங்குகிற திட்டத்தில் அது ஒரு செலவா?

வீடு வீடாக விற்கிற அந்த ஷேபிகா பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். பொட்டலத்துக்குக் கொஞ்சம் கமிஷன் அவர்களுக்கு உண்டு. அதில் தப்பில்லை, உழைப்புக்குக் கூலி. ஆனால் வாசலில் நிற்கிற அம்மா "பிள்ளைக்கு வெளிக்கி கறுப்பாப் போகுது, ரெண்டு நாளா வயிறு சரியில்லை" என்று சொன்னால், அந்தப் பெண் என்ன பதில் சொல்ல வேண்டும்? கறுப்பாகப் போவது இரும்பின் இயல்பு, பயப்பட வேண்டாம். வயிறு சரியில்லாமல் போவது? சிந்துவும் கென்யாவும் சொன்னதற்குப் பிறகு "அதுவும் சரியாகிவிடும், விடாமல் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

பொடியே வேண்டாத ஒரு வழியும் ஆதாரங்களில் கிடக்கிறது. நேபாளத்தில் 540 குழந்தைகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வு: பிரசவத்தின்போது தொப்புள்கொடியை உடனே கட்டாமல் மூன்று நிமிடம் பொறுத்துக் கட்டினார்கள். நஞ்சுக்கொடியில் மிச்சமிருந்த ரத்தம் குழந்தைக்குள் வந்தது, அதோடு இரும்பும். எட்டு மாதத்தில் பார்த்தபோது உடனே கட்டிய குழுவில் 82 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பொறுத்துக் கட்டிய குழுவில் 73. பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை, 73-உம் பயங்கரமான எண்தான். ஆனால் இந்த இரும்பு குடல் வழியாகப் போகவில்லை, யாருடைய வயிற்றையும் கலக்கவில்லை, செலவு மூன்று நிமிடம்.

பழைய குறிப்பில் "மூளையைக் காப்பாற்றும் பொடி" என்ற வரியை அடித்துவிட்டேன், அழிக்கவில்லை. கோடு போட்டு அங்கேயே கிடக்கிறது. 31 சதவீதத்தை 18 ஆக்கியிருக்கிறேன். கேள்வி கேட்டவருக்கும் பதில் அனுப்பிவிட்டேன், ஏழு மாதம் தாமதமாக.